மூண்டாம் பந்தி

இந்தக் கடிதத்தைப் பதினொரு பேருக்கு
ரைப் பண்ணிக் குடுத்திருக்கிறன்.
பிரதேச செயலகத்துக்கு எதிர்ப்பக்கம் என்ர கடை.
போட்டோக்கொப்பி, லமினேற்றிங், படிவம் நிரப்பல்.
பைலின்ர பெயர் ‘உடல்’.

‘மேற்படி நபரின் பூதவுடலை
இலங்கைக்கு அனுப்பிவைக்குமாறு
பணிவன்புடன் கேட்டுக்கொள்கின்றேன்.’
பணிவன்பு நான் சேர்த்தது,
இரண்டாவது ஆளுக்கு.
அவற்ற பெட்டி கெதியா வந்திட்டுது,
அப்பிடியே விட்டுட்டன்.
பக்கத்துக்கு நூறு ரூபாய்.
இந்தக் கடிதத்துக்கு மட்டும் எண்பது.

அண்ணருக்கு அடிக்கேக்க
பெயரை மாத்தினன், பாஸ்போட் நம்பரை மாத்தினன்,
ரியாத்தை அழிச்சு டோகா எண்டு போட்டன்.
பிறின்ரர் சூடு ஆறமுன்னம் வாசிச்சால்
மூண்டாம் பந்தியில
கந்தரோடைத் தவபாலன் கிடக்கிறார்.
போன ஆவணி ஆள்.

உடனே திருத்தேல்லை.
அந்தப் பந்தியில அண்ணர் சாகேல்லை.
வெளியில ஆரோ
அடையாள அட்டை ரெண்டு பக்கமும் ஒரே தாளில
எடுக்கேலுமோ எண்டு கேட்டினம்.
நில்லுங்கோ எண்டன்.
நிண்டவை.

பிறப்பத்தாட்சியில பேரின்பநாதன்.
பாஸ்போட்டில ஒரு ‘எச்’ குறைய.
இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் எண்டு
சமாதான நீதவானுக்கு முன்னால சத்தியம் பண்ணினன்.
சீலில மை காய்ஞ்சு போச்சு.
அவர் வாய் வைச்சு ஊதி ஊதிக் குத்தினார்.
வீட்டில கூப்பிட்டது மூண்டாவது பெயர்.
அதைப் படிவம் கேக்கேல்லை.

ஆறாம் நாள்
அண்ணி செருப்பில்லாமல் கடைக்கு ஓடி வந்தா.
‘சாப்பிட்டீங்களோ’ எண்டு
தெரியவர முன்னம் அனுப்பின மெசேஜ்.
அதுவரைக்கும் ஒரு சரி.
இப்ப ரெண்டு. ரெண்டும் நீலம்.
‘பாத்திட்டார் மச்சாள்.’
அறையில இருந்த நேபாளப் பொடியன்
எங்கட நம்பர் எடுக்க
சார்ஜ் போட்டுத் திறந்திருக்கிறான்.
அதை எந்தச் சொல்லில தொடங்குறது?
இருங்கோ, தண்ணி தாறன் எண்டன்.
போத்தில் வெறுமை.

அங்கத்தைக் கடதாசியில இரவு பத்து ஐம்பது.
இஞ்ச அது விடிஞ்சால் வாற திகதி, ஒண்டு இருபது.
ஐயர் பஞ்சாங்கத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு
எந்த ஊர் நேரத்துக்குப் பாக்கிறது எண்டார்.
எல்லாரும் என்னைப் பாத்தவை,
படிவம் நிரப்பிற ஆள் எண்டு.
அண்ணிதான் சொன்னா:
பதினாலு வருசமா அவர்
கையில கட்டின மணிக்கூட்டை மாத்தேல்லை.
ஐயர் எங்கட நேரத்தை எழுதினார்.

போகேக்க முப்பது கிலோ.
ஒண்டரைக் கிலோ கூட எண்டு
கட்டுநாயக்காவில பெட்டியைத் திறந்து
ஒடியல் மாவை எடுத்து என்ர கையில தந்தவர்.
வரேக்க நூற்றி முப்பத்தொண்டு.
ஒருத்தரும்
ஒண்டையும் எடுக்கச் சொல்லேல்லை.
பெறுநர் எண்ட இடத்தில என்ர பெயர்,
கடை நம்பர்.
கையெழுத்து ஐஞ்சு இடத்தில.

ஆனையிறவில வான்காரன் தேத்தண்ணிக்கு நிப்பாட்டினான்.
எனக்கும் ஒண்டு வாங்கித் தந்தான்.
குடிச்சன்.
சீனி கூட எண்டு நினைச்சது ஞாபகம்.

ஒழுங்கைக்குள்ள வான் வந்திட்டுது.
படலைக்குள்ளால பெட்டி வரேல்லை.
நாலு விரக்கடை.
மதிலை உடைக்கிறதோ, பெட்டியைச் சரிக்கிறதோ எண்டு
ஆம்பிளையள் கதைச்சுக்கொண்டு நிக்க
அண்ணரின்ர மகள்
உள்ளுக்குப் போய்
அலவாங்கை இழுத்துக்கொண்டு வந்தாள்.
தகரப்பெட்டிக் கண்ணாடிக்குள்ளால தெரிஞ்ச முகத்தை
ஓமெண்டு சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
மீசையை ஆரோ வேற விதமா வெட்டியிருந்தவை.

அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு
மூண்டாம் பந்தியில இருந்தன்.
கத்தரிக்காய் முடிஞ்சு போச்சு.

அடுத்த கிழமை கடை திறந்தன்.
மாதகலில இருந்து ஒருவர்,
கையில மடிச்ச பாஸ்போட் கொப்பி, குவைத், மருமகன்.
பைலைத் திறந்தன்.
எல்லா இடத்திலயும் அண்ணர்.
ஒவ்வொண்டாத் தட்டி அழிச்சுக்கொண்டு வந்து
அந்த இடத்தில நிண்டன்.
‘பிள்ளை, கரண்ட் போட்டுதோ?’
இல்லை ஐயா.

எண்பது ரூபாய்.
நூறைத் தந்தார்.
மாத்திக் குடுக்க என்னட்டச் சில்லறை இல்லை.